துரையின் இடது காது

ஜூன் 5, திங்கள்

நாயைக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாய் காப்பி குடிக்கல. குகனுக்கு நெதர்லாந்துல நாலு மாசம் வேலையாம், ரஞ்சனியும் கூடப் போறாளாம், குட்டியைக் காசு கட்டி எங்கயாவது விட்டா ஏங்கிப்போயிருமாம். "நீ வீட்லதானம்மா இருக்க"ங்கிறா. பதினாலு வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கி, கேரியர்ல அடைச்சு அனுப்புறதுக்குப் பேரு வீட்ல இருக்கிறது.

பாசெட் ஹவுண்டுன்னு ஒரு சாதி. மூணு மாசக் குட்டி. காலு அரைச் சாண், உடம்பு ரெண்டு முழம், காது ரெண்டும் தரையைக் கூட்டுது. வாட்ச்மேன் பாத்துட்டு, "ஏம்மா, காலு வளரவே இல்லையே, வைத்தியம் பாக்கலாமா?"ங்கிறாரு. மூஞ்சியைப் பாத்தா, பென்ஷன் நின்னுபோன வாத்தியார் மாதிரி இருக்கு. பேரு ட்யூக்காம். எனக்கு வாய்ல வரல. துரைன்னு வச்சுட்டேன்.

குகன் ஒரு காகிதத்துல எல்லாம் எழுதிக் குடுத்திருக்காரு. படி ஏற விடக்கூடாது அத்தை, முதுகு போயிரும், தூக்கிட்டுத்தான் போகணும். நான் இருக்கிறது மூணாவது மாடி, லிப்ட் ரெண்டு வாரமா ரிப்பேர், குட்டி இப்பவே எட்டு கிலோ. கடைசி வரியில, "வாரம் ஒரு தடவை காதைத் தூக்கி மோந்து பாருங்க, வாடை அடிச்சா உடனே டாக்டர்கிட்ட காட்டணும்"னு இருக்கு.

மோந்து பாக்கணுமாம். காகிதத்தை மடிச்சுக் காலண்டருக்குப் பின்னாடி சொருகிட்டேன்.

இந்த நோட்டுல மட்டும்தான் இதை எழுத முடியும். போன வருஷம் சித்திரையில அடிச்ச காய்ச்சலோட என் மூக்கு செத்துப்போச்சு. மல்லிகைப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். நாக்குல உப்பு, புளி, காரம், இனிப்பு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. யார்கிட்டயும் சொல்லல, பெத்த மககிட்டகூடச் சொல்லல. எப்படிச் சொல்றது? உலகநாயகி ருசி பாக்காமச் சமைப்பா, கொதிக்கிற ஆவியை மோந்தே உப்பு பத்தலன்னு சொல்லிருவான்னுதான் எனக்குப் பேரு. எச்சில் படாத சமையல்னு ஆடிட்டர் வீட்டம்மா விரத நாள்லகூட என்கிட்ட வாங்குறாங்க. மூக்கு போனவ ஆக்குறதை எவ வாங்கித் திம்பா?

ஜூன் 9, வெள்ளி

எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன். துரைக்கும் தேய்ச்சு விட்டேன். ரஞ்சனி கைக்குழந்தையா இருந்தப்ப வெள்ளிக்கு வெள்ளி நல்லெண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டுல காதுக்கு ரெண்டு சொட்டு விடுவேன். அதே பக்குவம்தான் இவனுக்கும். இம்மாம் பெரிய காதுக்கு ரெண்டு சொட்டு எங்க பத்தும்? நாலு விட்டேன். கண்ணைச் சொருகிக்கிட்டு அப்படியே மடியில சாஞ்சுட்டான். காகிதத்துல இதெல்லாம் எழுதல. அவங்களுக்கு என்ன தெரியும்.

ஜூன் 14, புதன்

குக்கர் விசில் அடிச்சா இவன் ஊளையிடுறான். ஒரு விசிலுக்கு ரெண்டு ஊளை. மூக்கு போனதுக்கப்புறம் நான் காதையும் கண்ணையும் வச்சுத்தான் காலந்தள்றேன். கடுகு வெடிக்கிற சத்தம், வெங்காயத்தோட நிறம், விசில் எண்ணிக்கை. இவன் அதுல ஒண்ணைக் கெடுத்துட்டான். இன்னிக்குப் பருப்பு கூழாப்போச்சு. "துரைக்குப் பாட்டு வந்துருச்சுக்கா"ன்னு லூர்து விழுந்து விழுந்து சிரிக்கிறா.

லூர்து கீழ் வீட்டுக்காரி. ஆறு வருஷமா என்கூட நின்னு காய் நறுக்கி, அரைச்சு, கேரியரைக் கொண்டுபோய்க் குடுக்கிறா. கையும் சுத்தம், வாயும் சும்மா இருக்காது.

ஜூன் 21, புதன்

லூர்துக்கு இன்னிக்கும் பரீட்சை வச்சேன். ஒரு வருஷமா இது நடக்குது.

"சாம்பார்ல காயம் போட்டேனா இல்லையா, மோந்து சொல்லு பாப்போம்."

அவ அடுப்புகிட்ட வந்து மூக்கை நீட்டினா. "போட்டீங்கக்கா. ஆனா வெந்தயம் கொஞ்சம் தீஞ்சிருக்கு."

"ம். பரவால்ல, தேறிட்ட."

காயம் போட்டேனான்னு எனக்கே நெனப்பில்ல, தீஞ்சதும் தெரியாது. அவ அங்கிட்டு நகர்ந்ததும் துளி வெல்லம் போட்டுச் சரிக்கட்டினேன். வேலை பழக்குறேன்னு பேரு. யாரு யாருக்குப் பழக்குறாங்கன்னு அந்த மீனாட்சிக்குத்தான் வெளிச்சம்.

ஜூலை 11, செவ்வாய்

பத்தரை கிலோ. காலையில தூக்கிட்டு எறங்கு, தூக்கிட்டு ஏறு. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ரெண்டு. கீழ எறக்கி விட்டா மண்ணுல மூக்கை வச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்கிறான். ஒரு எலைக்கு அரை மணி நேரம். அப்படி என்னடா இருக்கு அதுலன்னு கேட்டா, பாவமா ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பவும் மூக்கை வைக்கிறான். எரிச்சலா வருது. எனக்குப் போனது பூரா இவனுக்குக் குடுத்திருக்கான் ஆண்டவன்.

மேல வந்ததும் கூடத்து நடுவுல ஒண்ணுக்குப் போனான். இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு. ஐம்பத்தெட்டு வயசுல பிள்ளை வளர்க்கிறேன்.

ஜூலை 14, வெள்ளி

எண்ணெய்க் குளியல். காதை ஓயாம உதறுறான். செவுரு பூரா எண்ணெய்த் துளி.

ஜூலை 22, சனி

லூர்து கொத்தவரங்கா ஆஞ்சுக்கிட்டே சொன்னா: "அக்கா, துரைகிட்ட ஒரு மாதிரி வாடை அடிக்குது. காது பக்கம்னு நெனைக்கிறேன்."

எனக்குச் சுரீர்னு ஏறிருச்சு. "நாய்னா நாய் வாடைதான் அடிக்கும், பின்ன சந்தனமா மணக்கும்? எனக்கில்லாத மூக்கா ஒனக்கு? வேலையப் பாரு."

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆஞ்சா.

ஜூலை 25, செவ்வாய்

லூர்து ஊருக்குப் போயிட்டா. தூத்துக்குடியில மாதா கோயில் கொடியேத்தம், அக்கா வீட்ல இருந்துட்டுப் பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் வருவா. கேரியர் குடுக்க வாட்ச்மேன் சம்சாரத்தைப் பேசி வச்சிருக்கேன். அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை வைக்க முடியாது.

ஜூலை 28, வெள்ளி

எங்க ப்ளாட் செகரட்டரி நடேசன் சார் வந்தாரு, அவரு வீட்டுக்கும் என் கேரியர்தான். கர்ச்சீப்பை மூக்குல வச்சுக்கிட்டே வாசல்ல நின்னாரு.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. மாடிப்படி வரைக்கும் நாறுது. நாயைக் கொஞ்சம் கவனிங்க."

"சார், தெனம் ரெண்டு வேளை பினாயில் ஊத்தித் தொடைக்கிறேன். நானும் மோந்துதான் பாத்தேன், ஒரு வாடையும் இல்ல. சத்தியமாச் சொல்றேன்."

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. "அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"ன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு.

இந்த மனுஷனுக்கு நாயே ஆகாது, அதான். லிப்டை ரிப்பேர் பண்ண வக்கில்ல, மூக்குக்கு மட்டும் கொறைச்சல் இல்ல. மூணு தடவை தரையைத் தொடைச்சேன். ஒண்ணுக்கு வாடையாத்தான் இருக்கணும், வேற என்ன இருக்கப்போகுது. துரைக்கு எண்ணெய் விட்டப்ப மடியில நிக்கல, திமிறிக்கிட்டு ஓடினான். புடிச்சு உக்காத்திதான் விட்டேன்.

ஜூலை 31, திங்கள்

பூசணிக்காக் கூட்டு எறக்கி வைக்கிறப்ப ஒரு கரண்டி கீழ கொட்டுச்சு. துரை ஓடிவந்து மோந்தான், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். செருப்பைத் திங்கிறவனுக்கு என் கூட்டு ஆகலியான்னு நாலு வார்த்தை வஞ்சேன்.

மூணு மணிக்கு ஆடிட்டர் வீட்டம்மா போன். "உலகம்மா, இன்னிக்குக் கூட்டுல தேங்கா கெட்டுப்போன சிக்கு வாடை அடிச்சுச்சே. நீங்க பாக்காமயா போட்டீங்க?" கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு ஒரு புளுகு புளுகினேன். மத்த பதிமூணு வீடும் சொல்லலியே தவிர அவங்களும் அதைத்தானே தின்னிருப்பாங்க.

இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான் வஞ்சிருக்கேன்.

ஆகஸ்ட் 2, புதன்

துரை தலையை இடது பக்கமாவே சாய்ச்சு வச்சிருக்கான். சுளுக்கா இருக்கும். இன்னிக்குக் குக்கருக்குக்கூட ஊளையிடல. விசிலை எண்ண முடிஞ்சது. எண்ணிட்டு, திரும்பித் திரும்பி அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

எண்ணெயைச் சுட வச்சுக்கிட்டு இடது காதைத் தூக்கினேன். துரை வீல்னு கத்தினான். என் கையை வாயால கவ்வினான். கடிக்கல, கவ்விக்கிட்டு அப்படியே என் மூஞ்சியைப் பாத்தான். காதுக்குள்ள கறுப்பா, குழம்பு அடிப்புடிச்ச மாதிரி அப்பிக் கெடக்கு. ஓரத்துல சீழு.

பதினாலு வீட்டுக்கும் இன்னிக்குச் சமையல் இல்லன்னு வாட்ச்மேன் சம்சாரத்தைச் சொல்லச் சொல்லிட்டு, தூக்கிக்கிட்டு மூணு மாடி எறங்கினேன். ஆட்டோக்காரரு ஏத்தினவுடனேயே, "என்னம்மா, செத்த எலி எதுவும் வச்சிருக்கீங்களா?"ன்னாரு.

டாக்டர் ஜமீலா சின்ன வயசுப் பொண்ணு. மேசையில வைக்கிறதுக்கு முன்னாடியே, "காது"ன்னுச்சு. வாசல்ல வர்றப்பவே தெரிஞ்சுச்சாம்.

"எத்தனை நாளா இந்த நாத்தம்?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா? ஒரு ரூமுக்குள்ள இவனோட இருக்க முடியாதும்மா. மூணு வாரமாவது இருக்கும். காதுல என்ன ஊத்தினீங்க?"

"நல்லெண்ணெய். வெள்ளிக்கெழமை, வெள்ளிக்கெழமை."

அந்தப் பொண்ணு கண்ணை மூடித் தொறந்துச்சு. இந்தச் சாதி நாய்க்குக் காது தொங்கி மூடிக்கிட்டே இருக்கும், காத்தே போகாது, அதுல எண்ணெயை ஊத்துனா உள்ளுக்குள்ளயே புளிச்சு, பூஞ்சை புடிச்சு, அழுகிரும்னு சொல்லுச்சு. வலது காது பொழைச்சிரும். இடதுல வீக்கத்துல சவ்வே தெரியல, கேக்குமா கேக்காதான்னு ரெண்டு வாரம் போனாத்தான் சொல்ல முடியும். "வலி உசிரு போயிருக்கும் இவனுக்கு. உங்களைப் பாத்தா பிராணியைக் கஷ்டப்படுத்துற ஆள் மாதிரி தெரியல. இந்த வாடையை எப்படிம்மா விட்டீங்க?"

பதினாறு மாசமா வாயைத் திறக்காதவ அந்த மேசைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு ஓன்னு அழுதேன். "எனக்கு வாடை தெரியாதும்மா. எதுவுமே தெரியாது"ன்னு சொன்னேன். கூட ரெண்டு பேரு பூனையோட உக்காந்திருந்தாங்க. அவங்களும் கேட்டாங்க. கேக்கட்டும்.

டாக்டர் என் கையில பஞ்சைக் குடுத்து, எப்படித் தொடைக்கணும்னு காட்டிக் குடுத்துச்சு. துரை என் முழங்கையில தாடையை வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டே இருந்தான். என்மேல அவனுக்குக் கோவமே இல்ல. அதுதான் தாங்கல எனக்கு.

ஆகஸ்ட் 5, சனி

காலையில மருந்து, சாயங்காலம் மருந்து. சமையல் இல்ல. வயித்து வலின்னு சொல்லியிருக்கேன்.

காலண்டருக்குப் பின்னாடி இருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் படிச்சேன். மோந்து பாருங்கன்னு எவ்வளவு தெளிவா எழுதியிருக்காரு. "எனக்கு மூக்கு தெரியாது மாப்பிள்ளை"ன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. லூர்து சொன்னப்ப கேட்டிருந்தாலும் போதும். நடேசன் சார்கிட்ட சத்தியம் வேற பண்ணியிருக்கேன். என் பேரு கெடக்கூடாதுன்னு ஒரு வாயில்லாச் சீவனோட காதை அழுக விட்டிருக்கேன். இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் இருக்கு.

ஆகஸ்ட் 7, திங்கள்

லூர்து வந்துட்டா. மக்ரூன் பொட்டலத்தை நீட்டினா. நான் வாங்கல, மேடையில சாஞ்சு நின்னுக்கிட்டேன்.

"லூர்து, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ வேலைக்கு வர்றதும் வராததும் ஒன் இஷ்டம்."

"சொல்லுங்கக்கா."

"எனக்கு மூக்கு தெரியாது. போன வருஷக் காய்ச்சல்லயே போச்சு."

அவ பொட்டலத்தை மேடையில வச்சா. துரையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, காதைப் பாத்து உச்சுக் கொட்டினா. அப்புறம் ரொம்பச் சாதாரணமாச் சொன்னா: "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"ஒரு வருஷமாப் பரீட்சை வைக்கிறீங்களே, ஒரு தடவையாச்சும் 'தப்பு'ன்னு சொன்னீங்களா? எனக்குச் சந்தேகம். ஒருநாள் ரசத்துல காயமே இல்ல, வேணும்னே 'போட்டிருக்கீங்கக்கா'ன்னு சொன்னேன். 'தேறிட்ட'ன்னீங்க. நீங்க அங்கிட்டுப் போனதும் நான்தான் போட்டேன்."

"அப்பவே கேட்டிருக்க வேண்டியதுதானடி?"

"கேட்டா கடிச்சுக் கொதறியிருப்பீங்க. அன்னிக்குக் காதுன்னதுக்கே என்ன வரத்து வந்தீங்க! தெனமும் நீங்க கேக்குறீங்க, நான் சொல்றேன், வேலை ஓடுது, அது போதும்னு இருந்துட்டேன். ஆனா இவன் விஷயத்துல நான் விட்டிருக்கக் கூடாதுக்கா. சண்டை போட்டாவது சொல்லியிருக்கணும். ஊருக்குப் போயும் அதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு."

அவளும் அழுதா. ரெண்டு பேரும் மக்ரூனைத் தின்னோம். எனக்கு இனிப்பு மட்டும் தெரிஞ்சது.

ஆகஸ்ட் 19, சனி

வலது காது சுத்தம். இடது காது கேக்காது. சவ்வு ஓட்டையாயிருச்சு. புண் ஆறிருச்சு, வலி இல்ல, ஆனா அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா இனி திரும்ப மாட்டான்னு டாக்டர் சொல்லுச்சு. "ஒரு காது போதும், நல்லா இருப்பான்"னு தட்டிக் குடுத்துச்சு, அவனை இல்ல, என்னை.

ரஞ்சனிக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். நாய்க்காகத் திட்டுவான்னு பாத்தேன். "என்கிட்டகூடவாம்மா?"ன்னா. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பதினாலு வீட்டுக்கும் நானே கேரியரைத் தூக்கிட்டுப் போய்ச் சொன்னேன். எனக்கு மூக்கு இல்ல, லூர்து மோந்து சொல்லுவா, நான் கரண்டியில எடுத்து நாக்குல வச்சுப் பாப்பேன், வேண்டாம்னா இன்னிக்கே நிறுத்திக்கலாம்னு. ஆடிட்டர் வீட்டம்மா ருசி பாத்த சமையல் விரதத்துக்கு ஆகாதுன்னு நிறுத்திட்டாங்க. இன்னொரு வீடும் நிறுத்திருச்சு. நடேசன் சார், "அப்ப அன்னிக்குச் சத்தியம் பண்ணீங்களே மேடம்!"னாரு. பண்ணினேன் சார், மன்னிச்சுக்கோங்கன்னேன். நாளைக்கு வத்தக்குழம்பு உண்டான்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்து படுத்தேன். இவ்வளவு அசதி எங்க இருந்துச்சோ, எந்திரிக்கவே முடியல. துரை கட்டில்ல ஏற முடியாம கீழயே என் செருப்பு மேல படுத்துக்கிட்டான்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பதினாறு கிலோ. குக்கருக்குத் திரும்ப ஊளை. வலது காதை மட்டும் தூக்கிக்கிட்டு.

அக்டோபர் 2, திங்கள்

மகளும் மாப்பிள்ளையும் நாளைக்கு வர்றாங்க. வந்ததும் இவனைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. லிப்ட் இன்னிக்குத்தான் சரியாச்சு. செகரட்டரி தேங்கா ஒடைச்சாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

சாப்பாட்டு வேலை முடிஞ்சதும் லூர்து வழக்கம்போல துரையைப் புடிச்சு உக்காத்திக் காதைத் தூக்கி மோந்தா. தெனமும் பாக்குறா, ஒருநாள் விடல.

"சுத்தமா இருக்குக்கா. வெறும் நாய் வாசம்தான்."

"நாய் வாசம்னா எப்படி?"

"நாய் வாசம்னா நாய் வாசம்தான். இதென்ன கேள்வி?"

"இல்லடி. இவன் வந்தப்பவே எனக்கு மூக்கு இல்ல. நாலு மாசமா மடியில போட்டு வளர்த்திருக்கேன், இவன் எப்படி மணப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது. இது பரீட்சை இல்ல. நெசமாக் கேக்குறேன்."

லூர்து தரையில மண்டி போட்டு, துரையைப் புரட்டிப் போட்டு, உச்சந்தலையில ஆரம்பிச்சு மோந்தா. அவன் சுகமாக் காலைத் தூக்கிக்கிட்டான்.

"தலையில மழையில நனைஞ்ச சாக்கு மாதிரிக்கா. வயித்துல வடிகஞ்சி வாசம், எளஞ்சூடா. பாதத்துல வறுத்த சோளம், நெசமாத்தான் சொல்றேன், சிரிக்காதீங்க."

"கழுத்து மடிப்புல?"

அவ அங்க மூக்கைப் பொதைச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தா.

"இங்க உங்க சேலை வாசம்க்கா. காயமும் கறிவேப்பிலையும்."

நான் நோட்டை எடுத்துட்டு வந்து, அவ சொன்னதை ஒண்ணு விடாம எழுதிக்கிட்டேன்.